பழங்கணினிகளும் தமிழ் ஆவணங்களும்

பழம்பொருள் சேகரிப்போரின் பட்டியலில் கணினிகளும் இடம்பெற்றுவிட்டன. 1976ஆம் ஆண்டில் 666.66 அமெரிக்க டாலருக்கு விற்கப்பட்ட ‘ஆப்பிள் 1’ கணினிகள் ஏறத்தாழ 200 மட்டுமே உருவாக்கப்பட்டன. அவற்றுள் இயங்கும் நிலையிலிருந்த ஒன்றை 2014ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் 905,000 டாலருக்கு ஏலத்தில் பெற்றது. அருமைப்பாடு, மூல உறுப்புகள் மாறாமை, இயங்கும் நிலை, உடைமை வரலாறு ஆகியவையே இத்தகைய விலைக்கு அடிப்படைகளாகும். தமிழாய்வு நோக்கில் மற்றோர் அளவுகோலும் இன்றியமையாதது. ஒரு பழங்கணினியின் துணையால் எந்தத் தமிழ் ஆவணத்தைப் படிக்க இயலும் என்பதே அது.

தமிழ்க் கணிமை தொடக்கத்தில் ஒரே குறியீட்டு முறையில் வளரவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கத் தொடங்கிய ‘முரசு’, சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் ‘கணியன்’, கனடாவில் சீனிவாசனின் ‘ஆதவின்’ ஆகியவை தத்தமக்கெனத் தனிக் குறியீடுகளைக் கொண்டிருந்தன. இந்தியாவில் உருவான ‘ஜிஸ்ட்’, கணினிக்குள் செருகப்படும் மின்னணு அட்டையாக இருந்தது. தமிழ்நாட்டரசு 1999இல் தாம், தாப் என்னும் குறியீடுகளை ஏற்றது. 1991இலேயே யூனிகோடு தமிழுக்கு இடமளித்திருப்பினும், விண்டோஸ் 2000 வந்த பின்னரே அது பரவலாகப் பயன்படத் தொடங்கியது. எனவே, அதற்கு முற்பட்ட கோப்புகள் உரிய எழுத்துருவோ மாற்றியோ இன்றித் திறக்கப்படின், பொருளற்ற உரோமானிய எழுத்துகளாகவே தோன்றும்.

இந்நிலை மலாக்கா மாநிலத்திற்கும் பொருந்தும். புலாவ் செபாங் போன்ற ஊர்களின் தமிழர் வரலாறு இரப்பர்த் தோட்டங்களோடு பிணைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் இடம்பெயர்ந்த பின், பள்ளி மலர்களும் ஆலயக் கணக்குகளும் சங்கக் கூட்டக் குறிப்புகளுமே அச்சமூகத்தின் சான்றுகளாக எஞ்சுகின்றன. அவை நெகிழ்வட்டில் மட்டும் இருப்பின், அவற்றை எழுதிய கணினியும் சான்றின் ஒரு பகுதியேயாகும். ஜோங்கர் வீதிப் பழம்பொருட் கடைகளில் பீங்கானுக்கும் மரப்பேழைக்கும் கிட்டும் மதிப்பு இக்கணினிகளுக்கு இல்லை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு எடை விலைபோவதே அவற்றின் பொதுவான முடிவாகும்.

1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டின் காந்தப் பூச்சு காலப்போக்கில் சிதையும். தாய்ப்பலகையிலுள்ள மின்கலம் கசிந்து சுற்றுகளை அரிக்கும். ஆதலின், கருவியை ஒப்படைப்பதற்கு முன் மின்கலத்தை அகற்றுதல், வட்டுகளைப் படியெடுத்தல், எழுத்துருக் கோப்புகளையும் மென்பொருள் வட்டுகளையும் உடன்வைத்தல், பயன்படுத்தியவர் யார், எப்பொழுது, எதற்காக எனப் பதிவுசெய்தல் ஆகிய நான்கும் தேவையாகும். இவற்றைச் செய்யப் பெருநிதி வேண்டியதில்லை. பள்ளிகளில் பயன்பாடு நீங்கிய பொருள்களைக் கழிக்கும் பட்டியல் உருவாகும்பொழுதே தமிழாசிரியர்கள் அவற்றைப் பார்வையிடுதல் இப்பணியின் முதற்படியாகும்.