புரியவைக்கும் பாரம் யாருடையது? ஆட்டிசமுள்ள பெரியவர்களின் நட்பு, பணி, தன்னை அறிதல்

ஆட்டிசம் பற்றிய ஆய்வு குழந்தைகளிடம் தொடங்கியது. நெடுங்காலம் அங்கேயே நின்றுவிட்டது. 1943இல் அமெரிக்காவின் பால்டிமோரில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரையும், மறு ஆண்டு வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் வெளியிட்ட கட்டுரையும் இத்துறைக்கு அடிக்கல்லாயின. அக்குழந்தைகள் வளர்ந்தார்கள். வேலை தேடினார்கள், நண்பர்களை நாடினார்கள், தாம் ஏன் மற்றவர்களைப்போல் இல்லை என்று தமக்குள் கேட்டுக்கொண்டார்கள். இவற்றுக்கு இதுவரை பெரும்பாலும் கிடைத்த விடை ஒன்றே: பழகும் முறையை அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டும். இக்கட்டுரை அந்த விடையை மறுக்கிறது. நட்பு, பணி, தன்னை அறிதல் ஆகியவை மூன்று தனிச் சிக்கல்களாகத் தோன்றினாலும் அவற்றின் வேர் ஒன்று. இருவருக்கு இடையே நிகழ வேண்டிய புரிதலின் பாரம் முழுவதும் ஒருவர் தலையில் ஏற்றப்பட்டிருக்கிறது. அப்படி ஏற்றியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

பாரத்தை ஒரு பக்கம் சாய்த்த ஆய்வுகளில் முதன்மையானது 1985இல் சைமன் பேரன்-கோஹன், ஆலன் லெஸ்லி, யூட்டா ஃப்ரித் ஆகிய மூவரும் இலண்டனில் நடத்திய பொம்மைச் சோதனை. சாலி என்ற பொம்மை தன் கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறது. ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவைக்கிறது. சாலி திரும்பி வந்ததும் குண்டை எங்கே தேடும் என்பது கேள்வி. கூடையில் என்பதே சரியான விடை. இடம் மாறியது சாலிக்குத் தெரியாது. ஆட்டிசமுள்ள 20 குழந்தைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் சரியாகச் சொன்னார்கள். பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று ஊகிக்கும் ஆற்றல் ஆட்டிசத்தில் குன்றியிருக்கிறது என்ற கோட்பாடு இதிலிருந்து வளர்ந்தது. சோதனை எளிமையும் அழகும் கொண்டது. அதன் முடிவும் பொய்யன்று. ஆனால் அதில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. அந்தக் குழந்தைகளின் மனத்தில் என்ன இருக்கிறது என்று மற்றவர்களால் சரியாக ஊகிக்க முடிகிறதா என்பதை யாரும் சோதிக்கவில்லை. மேலும், மேசைமேல் இருந்த பொம்மையைப் பற்றிய ஒரு கேள்வியின் விடை, முப்பது வயதில் ஒருவர் நண்பரிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதற்கான தீர்ப்பாக நீட்டப்பட்டது.

விடுபட்ட பாதியைக் கேள்வியாக்கியவர் பிரிட்டனின் சமூகவியலாளர் டேமியன் மில்டன், அவரே ஆட்டிசமுள்ளவர். 2012இல் அவர் முன்வைத்த கருத்தை இருதரப்புப் புரிதல் சிக்கல் எனலாம். உலகை வெவ்வேறு விதமாக உணரும் இருவர் சந்திக்கும்போது தடுமாற்றம் இருவருக்கும் உண்டு. எண்ணிக்கையில் சிறுத்தவருடைய தடுமாற்றம் மட்டுமே குறைபாடு என்று பெயர் பெறுகிறது. இதற்கு ஆதரவாகப் பேசிய முதல் சான்றுகளில் ஒன்று 2020இல் காதரின் குரோம்ப்டன் குழுவினர் எடின்பரோவில் நடத்திய ஆய்வு. ஒருவர் கேட்ட கதையை அடுத்தவருக்குச் சொல்ல, அவர் அதற்கடுத்தவருக்குச் சொல்ல, எட்டுப் பேர் கொண்ட சங்கிலிகளில் கதை எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்டார்கள். ஆட்டிசமுள்ளவர்கள் மட்டும் இருந்த சங்கிலியும், ஆட்டிசமில்லாதவர்கள் மட்டும் இருந்த சங்கிலியும் ஏறக்குறைய சமமாகக் கதையைக் காத்தன. கலந்திருந்த சங்கிலியில்தான் கதை விரைவாகத் தேய்ந்தது. 2025இல் முன்னூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டு இதையே மீண்டும் நடத்தியபோது மூவகைச் சங்கிலிகளுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. கலப்பில் தகவல் சிதையும் என்ற முடிவு இதனால் பலவீனமாகிறது; இதை ஒளிக்காமல் ஏற்க வேண்டும். ஆயினும் ஆட்டிசமுள்ளவர்களுக்குச் செய்தியைக் கடத்தும் திறன் குறைவு என்ற பழைய நம்பிக்கைக்கு இவ்விரு ஆய்வுகளில் எதுவுமே இடம் கொடுக்கவில்லை.

அப்படியானால் நட்பு ஏன் கடினமாகிறது? 2017இல் நோவா சாசன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியான விடை தருகிறது. ஆட்டிசமுள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசும் சில நொடிக் காட்சிகளைப் பார்வையாளர்களுக்குக் காட்டினார்கள். யார் யார் என்று சொல்லப்படவில்லை. ஆயினும் ஆட்டிசமுள்ளவர்களோடு பழக விருப்பமில்லை என்ற தீர்ப்பு அந்தச் சில நொடிகளிலேயே உருவாகிவிட்டது. அதே பேச்சை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வெறுப்பு மறைந்தது. சொன்ன சொல்லில் பழுதில்லை. குரலின் ஏற்ற இறக்கமும் முகத்தின் அசைவும் பழக்கமான அச்சில் வராததே பழுதாகக் கருதப்பட்டது. 2019இல் சாசனும் மாரிசனும் செய்த மற்றோர் ஆய்வில், எதிரிலிருப்பவருக்கு ஆட்டிசம் உண்டு என்று தெரிவித்தபோது தீர்ப்பு கனிந்தது. ஆட்டிசம் பற்றி அதிகம் அறிந்த பார்வையாளர்களிடம் மேலும் கனிந்தது. நட்பின் கதவு அடைபடுவதில் பார்ப்பவரின் அறியாமைக்கும் பங்குண்டு என்பதை இது காட்டுகிறது. ஆட்டிசமுள்ளவர்கள் தனிமையையே விரும்புகிறார்கள் என்ற எண்ணமும் நிலைக்காது. ஜிம் சின்கிளேர் முதலானோர் 1990களில் அமெரிக்காவில் தமக்கென நடத்திய முகாம்களில் வண்ண அட்டைகளை அணியும் வழக்கம் தோன்றியது. சிவப்பு: இப்போது என்னோடு பேச வேண்டாம். மஞ்சள்: ஏற்கெனவே தெரிந்தவர்கள் மட்டும் பேசலாம். பச்சை: பேச ஆசை, ஆனால் நானாகத் தொடங்க முடியவில்லை, நீங்கள் வாருங்கள். அந்தப் பச்சை அட்டையில் உறவுக்கான விருப்பம் இருக்கிறது; அதைத் தொடங்கும் வேலையைப் பகிர்ந்துகொள்ள ஓர் அழைப்பும் இருக்கிறது.

பணியிடத்தில் இதே தீர்ப்பு வயிற்றைத் தொடுகிறது. 2024இல் பிரிட்டன் அரசுக்கு அளிக்கப்பட்ட பக்லண்ட் அறிக்கை, அங்கு வேலை செய்யும் வயதிலுள்ள ஆட்டிசமுள்ளவர்களில் பத்தில் மூவர் அளவுக்கே வேலையில் இருப்பதாகக் கூறியது. தடை பெரும்பாலும் வேலையில் இல்லை. வேலைக்கு முந்திய நேர்முகத் தேர்வில் இருக்கிறது. 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்வியை எண்ணிப் பாருங்கள். கேட்பவர் எதிர்பார்ப்பது வேலைக்குப் பொருத்தமான மூன்று நான்கு வாக்கியங்கள். அந்த எதிர்பார்ப்பு கேள்வியில் எங்கும் இல்லை. சொல்லை அதன் பொருளிலேயே எடுத்துக்கொள்பவர் எங்கிருந்து தொடங்குவது, எதை விடுவது என்று திகைத்து நிற்கிறார். அந்தத் திகைப்பே மதிப்பெண்ணாகிறது. 'இதற்கு முன் ஒரு வேலையைக் குறித்த நேரத்தில் முடித்த ஓர் அனுபவத்தைச் சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், முடிவு என்ன ஆயிற்று என்பதையும் சேருங்கள்' என்று கேட்டால் நிலைமை மாறுகிறது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேட்டி மாராஸ் குழுவினர் இவ்வாறு கேள்விகளைத் திருத்திப் பார்த்தபோது ஆட்டிசமுள்ளவர்களின் விடைகள் மேம்பட்டன. ஆட்டிசமில்லாதவர்களுக்கும் அது பயன்பட்டது. இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு ஒதுக்கி, அதில் 1 விழுக்காட்டை ஆட்டிசம் உள்ளிட்ட பிரிவுகளுக்குச் சேர்த்து அளித்தது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒதுக்கீட்டில் ஆட்டிசத்துக்கு இடமே இல்லை. சட்டம் நாற்காலியை ஒதுக்கிவிட்டது. நாற்காலிக்குப் போகும் வழியிலுள்ள கேள்விகள் இன்னும் பழைய கேள்விகளாகவே இருக்கின்றன.

மூன்றாவதான தன்னை அறிதல் முதலிரண்டின் விளைவு. தன்னை அறிவது தனியறையில் உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைக்கிறோம். அதற்குச் சொற்கள் வேண்டும், சொற்கள் பிறரிடமிருந்து வருகின்றன. ஓர் அனுபவத்துக்குப் பெயரே இல்லாத சமூகத்தில் அந்த அனுபவத்தைச் சுமப்பவர் தன்னையே தவறாகப் படிக்க நேர்கிறது என்று மெய்யியலாளர் மிராண்டா ஃப்ரிக்கர் 2007இல் காட்டினார். சோம்பல், திமிர், ஒட்டாத குணம் என்ற பெயர்கள் மட்டுமே கிடைக்கும் வீட்டிலும் வகுப்பறையிலும் வளர்பவர் அவற்றையே தன் இயல்பு என்று ஏற்றுக்கொள்கிறார். பிறகு அதை மறைக்கக் கற்கிறார். 2017இல் லாரா ஹல் குழுவினர் 92 பெரியவர்களிடம் கேட்டறிந்த ஆய்வில், முகமூடி அணிவதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் உறவும் வேலையும். அதற்குக் கொடுத்த விலை களைப்பும், தான் உண்மையில் யார் என்ற ஐயமும். இப்படி நீளும் களைப்பு, செய்யத் தெரிந்ததையும் செய்ய முடியாமல் ஆக்கும் சோர்வாக முற்றுவதை 2020இல் டோரா ரேமேக்கர் குழுவினர் விவரித்தார்கள். நண்பரும் மேலதிகாரியும் பாராட்டுவது முகமூடியை என்றால், அந்தப் பாராட்டு அணிந்தவரைச் சென்று சேர்வதில்லை.

இங்கே மூன்று மறுப்புகள் எழும். முதலாவது, இடத்துக்கேற்ப நடந்துகொள்வது எல்லோரும் செய்வதுதானே என்பது. உண்மை, எர்விங் காஃப்மன் 1959லேயே அன்றாட வாழ்வை மேடை நடிப்பாக விளக்கினார். ஆனால் தாய்மொழியில் மரியாதைச் சொல் சேர்த்துப் பேசுவதும், நாள் முழுவதும் அயல்மொழியில் ஒரு பிழையும் இன்றிப் பேசுவதும் ஒரே உழைப்பாகா. இரண்டாவது மறுப்பு கனமானது: இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை சரளமாகப் பேசக்கூடிய பெரியவர்களைக் கொண்டவை, பேச்சே வராதவர்களையும், அன்றாடத் தேவைகளுக்குப் பிறரை நம்பியிருப்பவர்களையும் அவற்றைக் கொண்டு அளக்கலாமா? அளக்கக் கூடாது. வலிப்பும் உறக்கமின்மையும் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்வதும் சமூகத்தின் பார்வை மாறினால் தீர்ந்துவிடும் என்று சொல்வது அக்குடும்பங்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் வாதத்தின் எல்லை சுருங்குகிறதே தவிர வாதம் வீழவில்லை. பேச்சு வராதவர் கையைத் தட்டிவிடுவதன் பொருளைப் படிக்க வேண்டிய கடமை எதிரிலிருப்பவருக்கே கூடுதலாக இருக்கிறது. மூன்றாவது, பெயர் சூட்டுவது மனிதரை அந்தப் பெயருக்குள் அடைத்துவிடும் என்பது. அந்த ஆபத்து உண்டு. ஆனால் பெயர் இல்லாதபோதும் அவர்கள் பெயரின்றி இருந்ததில்லை; வசைப்பெயர்களோடு இருந்தார்கள்.

பெயர் என்று வரும்போது தமிழுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒயிகென் புளூலர் 1911இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த ஆட்டிசம் என்ற சொல் 'தான்' என்னும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. தமிழில் மதியிறுக்கம், மன இறுக்கம் என்கிறோம். அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்ற தொடரும் இடம்பெறுகிறது. முதலிரண்டும் இறுகிப்போன ஒன்றைச் சுட்டுகின்றன. மூன்றாவது, வெளியுலகைப் பற்றி எண்ணாதவர் என்று தீர்ப்பே சொல்லிவிடுகிறது. வெளியுலகின் ஒலியும் ஒளியும் தாங்க முடியாத அளவுக்கு உள்ளே வருவதாகச் சொல்லும் ஒருவர், தம் சான்றிதழுக்கான படிவத்தில் இந்தச் சொல்லைப் படித்துத் தம்மை எப்படி அறிந்துகொள்வார்? ஆட்டிசம் என்ற கடன்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வது இவற்றைவிட நேர்மையானது. அது தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டவில்லை.

கானரின் 1943ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதலாவதாக விவரிக்கப்பட்ட சிறுவன் டொனால்ட் டிரிப்லட். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் ஃபாரஸ்ட் என்னும் சிற்றூரில் பிறந்த அவர் கல்லூரிப் பட்டம் பெற்றார், உள்ளூர் வங்கியில் நெடுங்காலம் வேலை பார்த்தார், கோல்ஃப் ஆடினார், பல நாடுகளுக்குத் தனியே பயணம் போனார். தாம் சந்தித்தவர்களுக்கு அவர் எண்களைச் சூட்டினார். ஊரார் அந்த எண்களை ஏற்றுக்கொண்டார்கள். வங்கி அவருடைய குடும்பத்துக்குச் சொந்தமானது, செல்வமும் நிறமும் அவருக்குத் துணை நின்றன என்று சுட்டிக்காட்டுவோர் சரியாகவே சுட்டுகிறார்கள். அந்தத் துணை அவருடைய ஆட்டிசத்தை நீக்கவில்லை; பாரத்தின் ஒரு பாதியை ஊர் சுமந்தது, அவ்வளவுதான். செல்வமுள்ள ஒரு குடும்பம் தன் மகனுக்காக அமைத்துக்கொள்ள முடிந்ததை, எல்லோருக்கும் அமைத்துத் தருவதே பொதுச் சமூகத்தின் கடமை. டிரிப்லட் 2023 ஜூன் மாதம், 89ஆம் வயதில், ஃபாரஸ்டைத் தம் ஊராகக் கொண்டவராகவே மறைந்தார்.