கடைசி ஆட்டம் எத்தனை மணிக்கு?

பள்ளிக்கூடப் போட்டியானாலும் உலகக் கோப்பையானாலும் தோற்ற அணி முதலில் திட்டுவது நடுவரைத்தான். விசில் அவர் கையில் இருக்கிறது, கண்ணெதிரே நிற்கிறார். எந்த ஆட்டம் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எங்கோ மேசையில் உட்கார்ந்து அட்டவணை போட்டவரை யாரும் நினைப்பதில்லை. வாழ்நாளில் பாதியை அரசாங்க மேசையில் கழித்தவன் என்பதால் எனக்கு அந்த அட்டவணைக்காரர் மேல்தான் கண். கால்பந்து வரலாற்றின் பெரிய அநியாயங்களில் ஒன்று அட்டவணையால் நடந்தது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்கு அல்ஜீரியா அந்நியப் பெயரல்ல. 1962இல் அது பிரான்சிடமிருந்து விடுதலை பெற்றது. நம் ஊர் இந்தியாவோடு இணைந்தது சட்டப்படி முழுமை பெற்றதும் அதே 1962இல்தான். இருபது ஆண்டு கழித்து, 1982இல், அல்ஜீரியா முதல் முறையாக உலகக் கோப்பைக்கு ஸ்பெயின் போயிற்று. பயிற்சியாளர்களில் ஒருவர் ரஷீத் மெக்லூஃபி. 1958இல் பிரான்சில் நட்சத்திர ஆட்டக்காரராக இருந்தபோதே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, விடுதலை இயக்கத்தின் அணிக்கு ஆடப் போனவர்.

ஜூன் 16 அன்று ஹிஹோன் நகரில் அல்ஜீரியா, மேற்கு ஜெர்மனியை 2–1 என்று வென்றது. மஜேரும் பெல்லூமியும் ஆளுக்கொரு கோல். உலகக் கோப்பையில் ஓர் ஆப்பிரிக்க அணி ஐரோப்பிய அணியை வென்றது அதுவே முதல் தடவை. அடுத்த ஆட்டத்தில் ஆஸ்திரியாவிடம் 0–2 என்று தோல்வி. ஜூன் 24 அன்று சிலியோடு கடைசி ஆட்டம். இடைவேளையில் 3–0 என்று முன்னிலை, முடிவில் 3–2.

அந்நாளில் வெற்றிக்கு 2 புள்ளி. அல்ஜீரியாவின் கணக்கு அன்றோடு மூடப்பட்டது: 4 புள்ளி, போட்டது 5 கோல், வாங்கியது 5 கோல். ஆனால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதும் ஆட்டம் மறுநாள்தான். ஆஸ்திரியாவிடம் 4 புள்ளி, ஜெர்மனியிடம் 2. ஜெர்மனி தோற்றாலும், சமமாக முடிந்தாலும் அதற்கு வீட்டுக்கு வழி. ஜெர்மனி 3–0, 4–0 என்று பெரிதாக வென்றால் ஆஸ்திரியா வெளியே, அல்ஜீரியா உள்ளே. ஜெர்மனி ஒரு கோலிலோ இரண்டு கோலிலோ வென்றால் இருவரும் உள்ளே, அல்ஜீரியா வெளியே. ஆடப் போகும் இருவருக்கும் இந்தக் கணக்கு முந்தின நாளே கையில் கிடைத்துவிட்டது.

ஜூன் 25. அதே ஹிஹோன் மைதானம். முதல் பத்து நிமிடத்துக்குள்ளாகவே ஜெர்மனியின் ஹ்ரூபெஷ் ஒரு கோல் போட்டார். பிறகு ஆட்டம் மெல்ல மெல்லச் செத்தது. இடைவேளைக்குப் பிறகு பந்தைத் தமக்குள்ளேயே உருட்டுவதும் கோல்கீப்பரிடம் திருப்பிக் கொடுப்பதுமாகப் பொழுது போயிற்று. 1–0. இருவரும் உள்ளே. கூட்டத்திலிருந்த அல்ஜீரியர்கள் பணநோட்டுகளை எடுத்து ஆட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளரே, பெட்டியை அணைத்துவிடுங்கள் என்று தம் நாட்டாரிடம் சொன்னார். உள்ளூர் நாளிதழ் அந்த ஆட்டத்தின் செய்தியைக் குற்றச் செய்திகளோடு சேர்த்துப் போட்டது.

விசில் வைத்திருந்தவர் ஸ்காட்லாந்தின் பாப் வாலன்டைன். அவர் என்ன செய்ய முடியும்? பந்தைப் பின்னால் தட்டுவது குற்றமென்று எந்த விதியிலும் இல்லை. சக ஆட்டக்காரர் காலால் திருப்பிக் கொடுக்கும் பந்தைக் கோல்கீப்பர் கையில் எடுக்கக் கூடாது என்ற விதி வந்ததே 1992இல்தான். அல்ஜீரியா எழுத்து மூலம் புகார் கொடுத்தது. ஃபிஃபா தள்ளுபடி செய்தது. விதி மீறப்படாதபோது தண்டனை ஏது?

இதில் என்னை உறுத்துவது, எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது என்பதுதான். 1978இல் அர்ஜென்டினாவில், ஜூன் 21 அன்று, பிரேசில் தன் ஆட்டத்தை முதலில் ஆடிப் போலந்தை 3–1 என்று வென்றது. அதே மாலை பின்னால் ஆடிய அர்ஜென்டினாவுக்கு, இறுதிக்குப் போக எத்தனை கோல் வேண்டும் என்று தெரிந்துவிட்டது. பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும். 6–0 என்று வென்றது. சந்தேகம் இன்றுவரை தீரவில்லை, எதுவும் நிரூபணமாகவும் இல்லை. ஆனாலும் நான்கு ஆண்டுக்குப் பிறகு அட்டவணைக்காரர்கள் அதே வழக்கத்தைத் தொடர்ந்தார்கள்.

ஹிஹோனுக்குப் பிறகுதான் புத்தி வந்தது. 1986 உலகக் கோப்பையிலிருந்து, ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நாளில், ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. இது ஒன்றும் புதிய ஞானமல்ல. அரசு அலுவலகத்தில் டெண்டர் உறைகளை எல்லார் முன்னிலையிலும் ஒரே வேளையில் பிரிக்கிறோமே, ஏன்? ஒருவர் எழுதிய தொகையைத் தெரிந்துகொண்டு இன்னொருவர் தம் தொகையை எழுதக் கூடாது என்பதற்காக. இதில் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை, திருட வழி வைக்காமலிருக்கிறோம், அவ்வளவுதான்.

நடுவர் விஷயத்திலும் இப்படித்தான். 1966 ஜூலை 23 அன்று இங்கிலாந்து–அர்ஜென்டினா ஆட்டத்துக்கு ஜெர்மானியர் நடுவர். அதே நாள் ஜெர்மனி–உருகுவே ஆட்டத்துக்கு ஆங்கிலேயர் நடுவர். அர்ஜென்டினாவில் ஒருவர், உருகுவேயில் இருவர் வெளியேற்றப்பட்டனர். இரண்டு தென்னமெரிக்க அணிகளும் தோற்றன. அந்த நடுவர்கள் நேர்மையாளர்களாகவே இருக்கலாம். ஆனால் அப்படி நியமித்த பிறகு அதைத் தென்னமெரிக்காவில் யார் நம்புவார்கள்? பிரெஞ்சில் விளையாட்டு நடுவருக்கும் வழக்கில் மத்தியஸ்தம் செய்பவருக்கும் 'ஆர்பித்ர்' என்ற ஒரே சொல்தான். தமிழில் 'நடுவர்' என்கிறோம். நடுவில் இருந்தால் மட்டும் போதாது, நடுவில் இருப்பது மற்றவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும். நடுவுநிலைமைக்குத் திருவள்ளுவர் ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார்.

நம் பள்ளிப் போட்டிகளை நடத்துகிறவர்களுக்கு ஃபிஃபாவின் பணம் இல்லை. வேண்டியதும் இல்லை. கேப்டன்கள் முன்னிலையில் சீட்டுக் குலுக்குங்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே முழு அட்டவணையையும் பலகையில் ஒட்டுங்கள். காலையில் ஓடிக் களைத்த பிள்ளைகளை மாலையில், ஓய்வெடுத்து வந்த அணியோடு மோத விடாதீர்கள். போட்டியை நடத்தும் பள்ளி ஆடும்போது அந்தப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் கையில் விசில் வேண்டாம், மூன்றாவது பள்ளிக்காரரைக் கூப்பிடுங்கள். இரண்டு மைதானம் இருந்தால் கடைசிச் சுற்றை ஒரே நேரத்தில் தொடங்குங்கள்.

தோற்ற பையன் அழத்தான் செய்வான். ஆனால், 'நாங்கள் ஆடித் தோற்றோம்' என்று அவன் வீட்டில் சொல்ல முடிய வேண்டும். அல்ஜீரியாவின் பிள்ளைகளால் 1982இல் அதைச் சொல்ல முடியவில்லை. அவர்களுடைய கடைசி ஆட்டத்தின் முடிவு, அவர்கள் ஆடாத நாளில், வேறு இருவர் கையில் இருந்தது.