டெம்புரா உடோன்: 'வெஜ்' என்று ஆர்டர் செய்தாலும் மீன் இருக்குமா? முதல்முறை சாப்பிடுவோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

குற்றாலத்தில் சீசன் நேரம். மெயின் அருவியில் குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு நடுங்கிக்கொண்டே கடையோரம் நின்று சுடச்சுட மிளகாய் பஜ்ஜி சாப்பிடாதவர்கள் குறைவு. அந்த பஜ்ஜியை அப்படியே எடுத்து ஒரு கிண்ணம் சூப்பில் போட்டுக் கொடுத்தால்? "நமுத்துப் போயிடுமே" என்றுதான் தென்காசிக்காரர்கள் பதறுவார்கள். ஆனால் ஜப்பானில் கிட்டத்தட்ட அதுதான் மதியச் சாப்பாடு. பெயர், டெம்புரா உடோன்.

சென்னையைச் சுற்றி ஒரகடம் போன்ற பகுதிகளில் ஜப்பானிய நிறுவனங்களின் ஆலைகள் வந்த பிறகு, ஜப்பானிய உணவகங்களும் நம்ம ஆட்களுக்குப் பழக்கமாகி வருகின்றன. தென்காசியில் இருந்து வேலைக்குப் போன ஒருவர், ஆபீஸ் நண்பர்களோடு அங்கே மதியச் சாப்பாட்டுக்குப் போனால் என்ன கவனிக்க வேண்டும்? குறிப்பாக, சைவம் சாப்பிடுபவர் எதைக் கேட்க வேண்டும்?

டெம்புரா உடோன் என்றால் என்ன?

உடோன் என்பது கோதுமை மாவில் செய்யும் தடிமனான வெள்ளை நூடுல்ஸ். டெம்புரா என்பது இறால், கத்திரிக்காய், பூசணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு போன்றவற்றை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்தது. சூடான சூப்பில் உடோனைப் போட்டு, மேலே டெம்புராவை வைத்தால் டெம்புரா உடோன். சில கடைகளில் டெம்புராவைத் தனித் தட்டில் தருவார்கள்.

பஜ்ஜிக்கும் டெம்புராவுக்கும் என்ன வித்தியாசம்?

பஜ்ஜிக்குக் கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள், பெருங்காயம் சேர்த்துக் கெட்டியாகக் கரைப்போம். டெம்புராவுக்குக் கோதுமை மாவு, முட்டை, ஐஸ் போன்ற குளிர்ந்த தண்ணீர் மட்டுமே. காரமோ மசாலாவோ கிடையாது. மாவைக் கட்டி இல்லாமல் கலக்கவும் மாட்டார்கள். அதிகம் கலக்கினால் கோதுமையில் உள்ள குளூட்டன் இழுவையாகி, மொறுமொறுப்பு போய்விடும்.

உடோனில் கதை நேர் எதிர். அங்கே இழுவைதான் முக்கியம். மாவு, உப்பு, தண்ணீர் சேர்த்து நன்றாகப் பிசைந்து ஊறவைப்பார்கள். மாவை உறையில் போட்டுக் காலால் மிதித்துப் பிசைவதும் அங்கே பழைய வழக்கம். செங்கோட்டை பக்கம் பார்டர் பரோட்டாவுக்கு மாவைப் பிசைந்து ஊறவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேலை புரியும். பரோட்டாவில் எண்ணெய் சேரும், உடோனில் சேராது. மற்றபடி மாவின் சூட்சுமம் ஒன்றுதான்.

டெம்புரா ஜப்பானுக்கு எப்படி வந்தது?

போர்ச்சுகீசியர்கள் 1543-ல் ஜப்பானின் டனேகாஷிமா தீவை அடைந்தார்கள். மாவில் தோய்த்துப் பொரிக்கும் முறை அவர்கள் வழியாகவே அங்கு பரவியதாகச் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கர்கள் இறைச்சியைத் தவிர்க்கும் நோன்பு நாட்களைக் குறிக்கும் 'டெம்போரா' என்ற லத்தீன் சொல்லில் இருந்தே டெம்புரா என்ற பெயர் வந்தது என்பது பரவலான விளக்கம்.

இதில் நம்ம தென்மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1542-ல் இந்தியா வந்து, தூத்துக்குடி, மணப்பாடு கடற்கரையில் பணியாற்றிய புனித பிரான்சிஸ் சவேரியார்தான், 1549-ல் ஜப்பானின் ககோஷிமாவில் போய் இறங்கினார். நம்ம பஜ்ஜியில் இருக்கும் மிளகாயும் போர்ச்சுகீசியர்கள் வழியாக இந்தியாவுக்கு வந்ததுதான். அதற்காக பஜ்ஜியும் டெம்புராவும் ஒரே பலகாரம் என்று சொல்லிவிட முடியாது. இரண்டும் தனித்தனியே வளர்ந்தவை.

'வெஜிடபிள் டெம்புரா உடோன்' சைவமா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். தட்டில் கத்திரிக்காயும் பூசணியும்தான் கண்ணுக்குத் தெரியும். மீன் இருப்பது சூப்பில்.

உடோன் சூப்புக்கு அடிப்படை 'டாஷி' என்ற சாறு. கொம்பு என்ற கடற்பாசியையும் 'காட்சுவோபுஷி' என்ற மீனையும் வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி இதை எடுப்பார்கள். சூரை வகை மீனை வேகவைத்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயவைத்துச் சீவுவதுதான் காட்சுவோபுஷி. தூத்துக்குடியிலும் இலங்கையிலும் புழங்கும் மாசிக் கருவாட்டுக்கு இது நெருங்கிய சொந்தம். வடிகட்டிவிடுவதால் மீன் துண்டு எதுவும் கண்ணில் படாது. ஆனால் சாறு முழுக்க அதுதான்.

கவனிக்க வேண்டியவை இன்னும் மூன்று உண்டு.

* டெம்புரா மாவில் பொதுவாக முட்டை இருக்கும்.
* இறால் பொரித்த எண்ணெயிலேயே காய்கறியும் பொரிக்கப்படலாம்.
* சூப்பில் சேரும் 'மிரின்' என்பது அரிசியில் செய்யும் இனிப்பு மது. அசல் மிரினில் சுமார் 14 சதவீதம் ஆல்கஹால் உண்டு. மது தவிர்ப்பவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது.

கோதுமை, முட்டை, சோயா, மீன், இறால் ஆகியவற்றில் எது அலர்ஜி என்றாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூப்பில் சோயா சாஸ் சேர்வதால் உப்பும் அதிகம். பிபி உள்ளவர்கள் நூடுல்ஸைச் சாப்பிட்டுவிட்டு சூப்பை மிச்சம் வைக்கலாம். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சைவத்துக்கு வழியே இல்லையா?

இருக்கிறது. கொம்பு கடற்பாசியிலோ, ஷிடாகே காளானிலோ மட்டும் டாஷி எடுக்க முடியும். ஜப்பானின் புத்த மடாலயச் சமையலில் மீன், இறைச்சி இரண்டும் கிடையாது. அங்கே காலங்காலமாக இதுதான் வழக்கம். எனவே இப்படிக் கேட்பதில் சங்கடம் எதுவும் வேண்டாம்.

எப்படிச் சாப்பிடுவது?

* டெம்புரா வந்ததும் ஒரு துண்டை மொறுமொறுப்பாகவே கடித்துவிடுங்கள். மீதி சூப்பில் ஊறட்டும். அந்த நமுத்த மாவுக்கும் தனி ருசி உண்டு. நம்ம ஊர் சாம்பார் வடை மாதிரி.
* நூடுல்ஸை சத்தம் வர உறிஞ்சிச் சாப்பிடலாம். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. கிண்ணத்தைத் தூக்கி சூப்பைக் குடிக்கலாம்.
* குச்சியை சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். ஜப்பானில் அது இறந்தவர்களுக்குப் படைக்கும் முறை.
* காரம் போதவில்லையா? 'ஷிசிமி' கேளுங்கள். மிளகாய் சேர்ந்த ஏழு பொருள் பொடி அது.

ஆர்டர் செய்யும் முன் கேட்க வேண்டிய 4 கேள்விகள்

1. டாஷியில் மீன் இருக்கா?
2. டெம்புரா மாவில் முட்டை இருக்கா?
3. காய்கறிக்குத் தனி எண்ணெயா?
4. சூப்பில் மிரின் இருக்கா?

நான்குக்கும் பதில் தெரிந்த பிறகு ஆர்டர் கொடுங்கள். மெனுவில் 'வெஜ்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம்.