சுடப்படுவதற்கென்றே பறந்தவர்கள்

விமானத்தைத் தரையிலிருந்து சுட்டு வீழ்த்தப் பழகுவது எப்படி? உண்மை விமானத்தைச் சுட முடியுமா? இரண்டாம் உலகப் போரில் விமானத்தின் பின்னே நீண்ட கம்பி வடத்தைக் கட்டி, அதன் நுனியில் துணி உறையொன்றைப் பறக்கவிட்டார்கள். விமான எதிர்ப்புப் பீரங்கி வீரர்களுக்கு அதுவே இலக்கு. குண்டு போய்ச் சேரும் நேரத்தில் உறை எங்கிருக்கும் என்று கணித்து, சற்று முன்னால் சுட வேண்டும். அதிகம் முன்னால் போனால்? அங்கே விமானி இருக்கிறாரே!

அமெரிக்காவில், வட கரோலினாவின் கேம்ப் டேவிஸ் முகாமில் 1943இல் இவ்வேலைக்கு வந்தவர்கள் பெண்கள். விமான வாலில் குண்டுத் துளைகளோடு திரும்பியதும் உண்டு. அவர்களுடைய ‘வாஸ்ப்’ அமைப்பில் பயிற்சியிலும் பணியிலுமாக 38 பேர் மாண்டனர். படைவீரர் அல்லர், சிவில் ஊழியரே என்றது அரசு. ஈமச் செலவுக்குத் தோழியரே பணம் திரட்டினர். படைவீரர் தகுதி வழங்கும் சட்டம் 1977இல்தான் வந்தது.