தொடாமல் ஆணையிடும் கருவி: ரிலே பிறந்த கதை

இன்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் என்று அறியப்படும் நியூ ஜெர்சி கல்லூரியில், 1835 வாக்கில், பேராசிரியர் ஜோசப் ஹென்றி தன் மாணவர்களுக்கு ஒரு செய்முறை காட்டினார். குதிரை லாட வடிவில் ஒரு பெரிய மின்காந்தம். அதன் பிடியில் கனமான எடைகள் தொங்கும். ஹென்றி அதன் பக்கத்தில்கூடப் போகமாட்டார். தொலைவிலிருந்து ஒரு நீண்ட கம்பி வழியே மெல்லிய மின்னோட்டத்தை அனுப்புவார். அது இன்னொரு சின்ன மின்காந்தத்தை உசுப்பும். சின்னக் காந்தம், பாதரசக் கிண்ணத்தில் முனை தோய்ந்து நின்ற ஒரு கம்பித்துண்டை வெளியே இழுக்கும். பெரிய காந்தத்தின் மின்சுற்று அறுந்துபோக, எடைகள் தடதடவெனத் தரையில் விழும்.

ரிலே பிறந்தது அங்கேதான். இன்று ஆம்ப்ளிஃபயரின் பொத்தானை அழுத்தியதும் உள்ளிருந்து 'டக்' என்று ஒலிக்கிறதே, அந்த ஓசையின் முன்னோர் அந்த எடைகள்.

இந்த ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் சுவை இருக்கிறது. இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன் ஏற்கெனவே மின்காந்தம் செய்திருந்தார். ஆனால் வெறும் கம்பியைச் சுற்றோடு சுற்று ஒட்டாமல் இடைவெளிவிட்டுச் சுற்ற வேண்டியிருந்தது. ஹென்றி, ஆல்பனி நகரில் ஆசிரியராக இருந்த காலத்திலேயே, கம்பிக்குப் பட்டு உறை போட்டு நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றினார். 1831-இல் யேல் கல்லூரிக்காக அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது. அதே ஆண்டு, ஒரு மைலுக்கும் அதிகமான கம்பி வழியே மின்சாரம் அனுப்பி ஒரு மணியையும் அடித்துக் காட்டினார்.

ஆனால் இரண்டும் ஒரே காந்தத்தால் நடக்கவில்லை. பெரும் எடையைத் தூக்கும் காந்தத்துக்குக் குட்டையான பல சுருள்களும் மிகுந்த மின்னோட்டமும் வேண்டும். நீண்ட கம்பியின் மின்தடை அந்த மின்னோட்டத்தை விழுங்கிவிடும். தொலைவைக் கடக்கும் காந்தத்துக்கு நீண்ட மெல்லிய சுருளும், வரிசையாக இணைத்த பல மின்கலங்களும் வேண்டும். அதற்கோ வலு போதாது. எட்டுவது ஒன்று, தூக்குவது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்க ஹென்றி முயலவில்லை. இரண்டையும் தனித்தனியே இருக்கவிட்டு, ஒன்று மற்றொன்றின் கதவை மட்டும் திறந்து மூடும்படி செய்தார். மின் வரலாற்றில் இவ்வளவு எளிமையாகவும் இவ்வளவு ஆழமாகவும் அமைந்த எண்ணங்கள் மிகச் சிலவே என்பேன்.

அவர் இதற்குக் காப்புரிமை வாங்கவில்லை. 1837-இல் லண்டன் போனபோது, தந்தி ஆய்வில் ஈடுபட்டிருந்த சார்லஸ் வீட்ஸ்டனிடம் இதை மறைக்காமல் விளக்கினார். அடுத்த ஆண்டே எட்வர்ட் டேவி இதே வழியில் தந்திக் கருவி ஒன்றுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். 1844 மே 24 அன்று வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே சாமுவேல் மோர்ஸ் செய்தி அனுப்பியபோது, தளர்ந்து வந்த மின்னோட்டத்தைக் கொண்டு புதிய மின்கலத்தை இயக்கும் பொறுப்பு ரிலேயிடம் இருந்தது. பிறகு தொலைபேசி நிலையங்கள், ரயில்வே சிக்னல்கள், 1941-இல் கொன்ராட் ட்சூஸ் செய்த கணிப்பொறி என்று அது எங்கும் பரவியது.

தந்திக்காரர்கள் ரிலேயை விரும்பியது தொலைவுக்காக. சிறிய சுற்றும் பெரிய சுற்றும் ஒன்றையொன்று தொடவே இல்லை என்பது அவர்களுக்கு உடன்வந்த ஒரு விவரம், அவ்வளவுதான். வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு ரிலே வந்தபோது கதை தலைகீழானது. இங்கே தொலைவு ஒரு சாண்கூட இல்லை. வேண்டியதெல்லாம் அந்தத் தொடாமைதான்.

பழைய ஆம்ப்ளிஃபயர்களில் 230 வோல்ட் மின்சாரம் பின்பக்கத்து வயரில் நுழைந்து, பெட்டிக்குள் குறுக்கே நடந்து, முன்பக்கச் சுவிட்சுக்கு வந்து, மீண்டும் பின்னால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும். வழியில் ரெக்கார்டு பிளேயரின் மில்லிவோல்ட் அளவேயான நுண்ணிய சிக்னலுக்குப் பக்கத்தில் போனால், ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்ற முனகல் கேட்கும். மேலும் விரல் படும் பலகைக்கு ஒட்டியே வீட்டு மின்சாரம் நிற்கும். ரிமோட் கண்ட்ரோல் வந்தபின் இந்த வழி மட்டும் போதவில்லை. ரிமோட்டின் கட்டளையைப் பெறும் சிறு சுற்று எப்போதும் விழித்திருக்க வேண்டும், பெரிய டிரான்ஸ்ஃபார்மரோ உறங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் கொண்டுவந்த விதி, இப்படி விழித்திருக்கும் கருவிகள் உண்ணும் மின்சாரத்தை 2010 முதல் 1 வாட், 2013 முதல் 0.5 வாட் என்று இறுக்கியது. காட்சித்திரை உள்ளவற்றுக்குச் சற்றுக் கூடுதலாக இடமுண்டு. பெரிய டிரான்ஸ்ஃபார்மரைச் சும்மா இணைத்துவைத்தால் இந்த வரம்புக்குள் நிற்பது கடினம். ஹென்றியின் இரண்டு காந்த ஏற்பாடு மீண்டும் தேவைப்பட்டது.

இன்று மின்பலகையில் உட்காரும் ஒரு சாதாரண 12 வோல்ட் ரிலேயின் சுருளுக்கு அரை வாட்டுக்கும் குறைவான மின்சாரம் போதும். அதன் காண்டாக்ட், அதாவது பெரிய சுற்றை இணைத்துத் துண்டிக்கும் உலோக முனை, 250 வோல்ட்டில் 10 ஆம்பியர் தாங்கும். வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்த நல்ல ரிலேயில் சுருளுக்கும் காண்டாக்ட்டுக்கும் இடையே 8 மில்லிமீட்டர் காப்பு இடைவெளி இருக்கும். 4,000 முதல் 5,000 வோல்ட் வரை கொடுத்துச் சோதித்திருப்பார்கள். ரிலே அவ்வளவு இடைவெளி தந்தும், அது அமரும் பலகையில் இரண்டு செம்புத் தடங்களை நெருக்கமாக ஓடவிட்டால் எல்லாம் வீண். ஆகவே பலகையிலும் அதே இடைவெளி விட வேண்டும். பலர் நடுவே ஒரு பிளவையே வெட்டிவிடுகிறார்கள். ஃபியூஸ் ரிலேக்கு முன்னால் வரும். பிளக்கைத் திருப்பிச் செருக முடியும் இடங்களில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையுமே துண்டிக்கும் இரட்டை ரிலே நல்லது. எர்த் கம்பியை மட்டும் எந்த ரிலேயும் எந்தச் சுவிட்சும் தொடக்கூடாது.

காண்டாக்ட்டுக்கு உண்மையான சோதனை முதல் நொடியில்தான். வளைய வடிவ டொராய்டல் டிரான்ஸ்ஃபார்மர் 500 வோல்ட்-ஆம்பியர் அளவுடையது என்றால் முழுச் சுமையில் அது இழுப்பது 2 ஆம்பியர் சொச்சம். ஆனால் சுவிட்ச் போட்ட கணத்தில் அதன் இரும்பு காந்தப்புலத்தால் தெவிட்டிப்போனால், மின்னோட்டத்தைத் தடுக்கச் சுருளின் கம்பித்தடை மட்டுமே மிஞ்சும். ஒரு கணம் நூறு ஆம்பியரையும் எட்டலாம். மின்னழுத்த அலை பூச்சியத்தைக் கடக்கும்போது இணைத்தால் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு அதுவே மிக மோசமான கணம். பூச்சியத்தில் மட்டும் இணைக்கும் குறைக்கடத்தி ரிலேயை இங்கே பொருத்துபவர்கள் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

அந்தக் கணத்தில் காண்டாக்ட்டுகள் மூடிய வேகத்தில் சில மில்லிநொடிகள் துள்ளும். ஒவ்வொரு துள்ளலிலும் பொறி பறந்து உலோகம் உருகும். உருகியது குளிர்ந்தால் இரண்டும் பற்றவைத்தாற்போல் ஒட்டிக்கொள்ளும். வெள்ளி–வெள்ளீய ஆக்சைடு காண்டாக்ட்டுகள் இதைப் பெருமளவு தாங்கும். அதோடு, மெதுவாகத் தொடங்கும் சுற்று ஒன்றும் சேர்க்கிறார்கள்: முதலில் 47 ஓம் போன்ற ஒரு மின்தடை வழியே விட்டால் உச்ச மின்னோட்டம் 7 ஆம்பியருக்குள் அடங்கிவிடும், அரை நொடி கழித்து இரண்டாவது ரிலே அந்தத் தடையைத் தாண்டி நேர்வழி கொடுக்கும். இரண்டாவது ரிலே ஒருநாள் வேலை செய்யாவிட்டால் தடை எரியும். அதனால் அதன்மேல் ஒரு வெப்ப ஃபியூஸ் ஒட்டியிருக்க வேண்டும்.

ரிலேயை அணைக்கும்போது சுருளில் பாய்ந்த மின்னோட்டம் திடீரென நிற்க மறுத்து, உயர்ந்த மின்னழுத்தமாக எகிறும். அது ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டரைக் கொன்றுவிடும். அதற்காகவே சுருளுக்குக் குறுக்கே ஒரு டயோடு போடுகிறோம். நீண்ட கம்பிச் சுருளைத் துண்டிக்கும்போது பொறி எழுவதை 1832-இல் கட்டுரையாக எழுதியவரும் ஹென்றிதான். தூண்டத்தின் அலகு இன்று அவர் பெயரையே தாங்குகிறது.

காண்டாக்ட் ஒட்டிக்கொண்ட ஆம்ப்ளிஃபயரில் முன்பக்க விளக்கு அணைந்திருக்கும், டிரான்ஸ்ஃபார்மரில் 230 வோல்ட் அப்படியே நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. பழுதுபார்க்க மூடியைத் திறப்பவர் ரிலேயை நம்பாமல் பிளக்கையே சுவரிலிருந்து உருவிவிட வேண்டும். பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மிச்சமிருக்கும் மின்னழுத்தத்தை மீட்டர் வைத்துப் பார்த்து, அது வடிந்த பின்பே உள்ளே கை வைக்க வேண்டும்.