மிகைமூச்சும் குருதியின் காரநிலையும்: ஒரு விளக்கத்தின் வரலாறு

அச்சத்தால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும் ஒருவர், தமக்குக் காற்றுப் போதவில்லை என்றே உணர்கிறார். நெஞ்சு இறுகுகிறது, உதட்டைச் சுற்றியும் விரல்நுனிகளிலும் மரமரப்பு ஏறுகிறது, தலை சுற்றுகிறது, சிலருக்குக் கைவிரல்கள் குவிந்து இழுத்துக்கொள்கின்றன. அவ்வுணர்வு மெய்யே, ஆனால் அதற்கு அவர் கற்பிக்கும் காரணம் தலைகீழானது. உடல் இழப்பது ஆக்சிஜனை அன்று, கரியமில வாயுவை. இத்தமிழ்ப் பெயரிலேயே விளக்கத்தின் திறவுகோல் உள்ளது. நீரில் கரைந்து அமிலமாகும் வாயு அது. அளவுக்கு மீறி வெளியேறினால் குருதி காரத்தின் பக்கம் சாய்கிறது. ('கார்பன் டை ஆக்சைடு' என்னும் பாடநூல் ஒலிபெயர்ப்பில் இக்குறிப்பு மறைந்துவிடுகிறது.)

இம்முடிவை எட்ட மருத்துவத்திற்கு நெடுங்காலம் பிடித்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களிடம் படபடப்பையும் மூச்சுத்திணறலையும் கண்ட டா கோஸ்டா, 1871இல் அவற்றை இதயத்தின் கோளாறாகவே வகைப்படுத்தினார். இயல்பான மூச்சை நெறிப்படுத்துவது நுரையீரல் நுண்ணறைகளிலுள்ள கரியமில வாயுவே என ஜே.எஸ். ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவிய பின்னரே கேள்வி இடம்மாறியது. வேண்டுமென்றே விரைந்து மூச்சுவிட்டுத் தசை இசிவை வரவழைக்க இயலும் என்பதை 1920இல் கிராண்ட், கோல்ட்மன் ஆகியோர் காட்டினர். அதே ஆண்டில் ஹால்டேனின் மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன், குருதியின் காரநிலை சீராக்கப்படும் முறையைச் சகாக்களுடன் தம் உடலிலேயே ஆராய்ந்தார். பின்னர் அம்மோனியம் குளோரைடு பருகித் தம்மை அமில மிகுதிக்கும் உட்படுத்திக்கொண்டார். 1957இல் இந்தியாவில் குடியேறிய அறிவியலாளர் இவரே.

இச்சோதனைகள் எவற்றிலும் மூச்சை விரைவுபடுத்தியது அச்சம் அன்று. பதற்றத்தையும் இந்த வேதியியலையும் ஒரே நோய்க்குறித் தொகுதியாக இணைத்துப் பெயரிட்டவர்கள், 1937இல் எழுதிய கெர், டால்டன், கிளீப் ஆகியோர்.

நிகழ்வதன் அளவு கருதத்தக்கது. தமனிக் குருதியில் கரியமில வாயுவின் அழுத்தம் இயல்பாக ஏறத்தாழ 40 மி.மீ. பாதரசம். அது விரைவில் 20ஆகக் குறைந்தால், பி.எச். மதிப்பு 7.4இலிருந்து ஏறத்தாழ 7.56க்கு உயரும். சிறுநீரகம் இதை ஈடுசெய்ய நாட்கள் ஆகும். பதற்றமோ நிமிடங்களில் வந்துவிடுகிறது. காரநிலையில் கால்சியம் அயனிகள் குருதிப் புரதத்துடன் கூடுதலாகப் பிணைவதால் நரம்புகள் எளிதில் தூண்டப்படுகின்றன. மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்குகின்றன. மேலும், 1904இல் போர் கண்டறிந்த விளைவின்படி, ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்கிறது. தமிழில் மூச்சு 'வாங்குகிறது' என்கிறோம். கேடு விளைவதோ 'விடுவதன்' மிகுதியால்.

இந்தியாவில் இதையொட்டிய கேள்வி யோகத்தின் வழியே எழுந்தது. 1924இல் லோனாவாலாவில் கைவல்யதாமத்தை நிறுவிய சுவாமி குவலயானந்தர், பிராணாயாமத்தின்போது ஏற்கப்படும் ஆக்சிஜனையும் வெளியேறும் கரியமில வாயுவையும் ஆய்வுக்கூடத்தில் அளந்தார். கூடுதல் ஆக்சிஜன் கிடைப்பதே பிராணாயாமத்தின் பயன் என்ற கருத்தை அவர் ஏற்கவில்லை. ஆயினும் மயிலாப்பூர் முதல் வேளச்சேரி வரை யோக வகுப்புகளில் அக்கருத்து இன்றும் செல்வாக்குடன் உலவுகிறது. நலமான ஒருவரின் ஹீமோகுளோபின் ஏற்கெனவே ஏறத்தாழ 97 விழுக்காடு நிறைவுற்றிருப்பதால், ஆழ்ந்தும் விரைந்தும் இழுக்கும் மூச்சு அதில் சேர்ப்பது மிகச் சொற்பம். திருமந்திரம் கூறும் மாத்திரை அளவோ பூரகம் 16, கும்பகம் 64, ரேசகம் 32. அடக்கமும் நீண்ட வெளிமூச்சும் கொண்ட இவ்வமைப்பு மிகைமூச்சுக்கு நேரெதிரானது. திருமூலர் அமில-கார வேதியியலை அறிந்திருந்தார் என்று இதைக்கொண்டு வாதிடுவது முறையன்று. மூச்சின் நடையைக் கவனித்து வகுத்த மரபு என்ற அளவில் கொள்வதே பொருந்தும்.

இவ்விளக்கத்தை அரைகுறையாகப் பற்றிக்கொண்டதிலிருந்தே காகிதப்பைச் சிகிச்சை பரவியது எனலாம்: விட்ட மூச்சையே மீண்டும் இழுத்தால் இழந்த வாயு திரும்பிவிடும் என்பது அதன் தருக்கம். மாரடைப்போ ஆக்சிஜன் குறைவோ உடையவர்களுக்குத் தவறாக இது பயன்படுத்தப்பட்டதால் நேர்ந்த மூன்று இறப்புகளை 1989இல் காலஹம் பதிவுசெய்தார். பதற்றத்தால் வாங்கும் மூச்சும் இதயநோயால் வாங்கும் மூச்சும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே ஆக்சிஜன் அளவையும் இதய மின்வரைவையும் பார்ப்பதற்கு முன் காகிதப்பையை நீட்டுவது, டா கோஸ்டாவின் பிழையை மறுதிசையில் செய்வதாகும்.