வெல்லப்பாகும் வெண்ணெயும்: ஜார்ஜ் வாஷிங்டனின் கடைசி நாள்

தொண்டை வலி என்றதும் எல்லா வீட்டிலும் ஒரு பட்டியல் தயாராக இருக்கும். குழைய வடித்த சாதம், சூடான ரசம், கஞ்சி, பாலில் மிளகும் மஞ்சளும். பட்டியல் நாட்டுக்கு நாடு மாறும், எண்ணம் ஒன்றுதான்: மென்மையாக, வழுக்கிக் கொண்டு இறங்கும்படி ஏதாவது கொடுப்பது. 1799-ல் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதிக்கும் அப்படித்தான் ஒன்று கலந்து கொடுத்தார்கள். அது அவர் தொண்டையில் இறங்கவே இல்லை!

நனைந்த உடையும் ஒரு பிடிவாதமும்

1797-ல் பதவிக்காலம் முடிந்ததும் ஜார்ஜ் வாஷிங்டன் வர்ஜீனியாவில் உள்ள மவுண்ட் வெர்னான் பண்ணைக்குத் திரும்பிவிட்டார். 1799 டிசம்பர் 12 அன்று பனியிலும் ஆலங்கட்டி மழையிலும் சுமார் ஐந்து மணி நேரம் குதிரையில் சுற்றிப் பண்ணையைப் பார்வையிட்டார். வீடு திரும்பியவர் உடையைக்கூட மாற்றாமல் சாப்பிட உட்கார்ந்தார். மறுநாள் தொண்டை வலி. ஆனாலும் மாலையில் வெளியே போய், வெட்ட வேண்டிய மரங்களுக்கு அடையாளம் போட்டுவிட்டு வந்தார். இரவில் கரகரத்த குரலில் செய்தித்தாள் படித்துக் காட்டினார். "ஏதாவது மருந்து சாப்பிடுங்கள்" என்று செயலாளர் டோபியாஸ் லியர் சொன்னபோது, ஜலதோஷம் வந்தபடியே போய்விடும் என்று மறுத்துவிட்டார்.

டிசம்பர் 14

அதிகாலை இரண்டு, மூன்று மணிக்குள் மூச்சுத் திணறல் ஆரம்பித்தது. எழுந்தால் மனைவி மார்த்தாவுக்கும் குளிரில் சளி பிடித்துவிடும் என்று, விடியும்வரை அவரை எழுந்திருக்க விடவில்லை. காலையில் அடுப்பு மூட்ட வந்த கரோலின் என்ற அடிமைப் பணிப்பெண்தான் ஓடிப்போய் லியரை அழைத்து வந்தார்.

முதல் வைத்தியம் உணவுதான். வெல்லப்பாகு போன்ற மொலாசஸ், வினிகர், வெண்ணெய் மூன்றையும் கலந்து கொடுத்தார்கள். இனிப்பும் எண்ணெய்ப் பசையும் புண்பட்ட தொண்டையில் படலம் போலப் படிந்து எரிச்சலைக் குறைக்கும் என்ற கணக்கு தவறானதல்ல. சாதாரணத் தொண்டை வலிக்கு இன்றும் தேன் கொடுப்பது இதே காரணத்துக்காகத்தான். ஆனால் வாஷிங்டனால் ஒரு சொட்டுகூட விழுங்க முடியவில்லை. உடம்பு உதறி, மூச்சே நின்றுவிடும் போல ஆனது. பிறகு வினிகரும் சேஜ் இலைத் தேநீரும் கலந்து கொப்பளிக்கச் சொன்னபோதும் அதே கதி.

இந்த இடத்தில்தான் விஷயம் சாதாரணத் தொண்டை வலி இல்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் அந்தக் காலத்து நம்பிக்கை வேறு. வீக்கம், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் ரத்தத்தை வெளியேற்றுவதே சிகிச்சை. முதல் முறை ரத்தம் எடுக்கச் சொன்னவர் வாஷிங்டனே. பண்ணை மேற்பார்வையாளர் ராலின்ஸ் கை நடுங்கியபோது, பயப்பட வேண்டாம் என்று தைரியம் சொன்னார். அதிகம் எடுக்க வேண்டாம் என்று மார்த்தா கெஞ்சினார். மருத்துவர் கிரெய்க் வந்த பிறகும் அது தொடர்ந்தது. ஒரே நாளில் நான்கு முறை, மொத்தம் 2 லிட்டருக்கும் மேல்!

வந்திருந்த மூன்று மருத்துவர்களில் இளையவர் எலிஷா டிக். இனியும் ரத்தம் எடுக்கக் கூடாது என்றார். கழுத்தில் துளையிட்டு மூச்சுக்கு வழி செய்யலாம் என்றும் யோசனை சொன்னார். அப்போது அது மிக அரிதான அறுவை சிகிச்சை. மூத்தவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்கு மேல், தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தபடி வாஷிங்டன் உயிர் பிரிந்தது. வயது 67. சில வாரங்களில், மூவரில் இன்னொருவரான மருத்துவர் பிரவுன் கிரெய்க்குக்கு ஒரு கடிதம் எழுதினார். டிக் சொன்னதைக் கேட்டிருந்தால் அவர் பிழைத்திருக்கலாம் என்ற வருத்தம் அதில் இருந்தது.

என்னதான் நோய்?

குரல்வளை மூடியில் ஏற்பட்ட கடும் அழற்சியாக இருக்கலாம் என்பதே இன்று பல மருத்துவர்களின் கருத்து. உணவு மூச்சுக்குழலுக்குள் போகாமல் தடுக்கும் இந்தச் சிறு மூடி வீங்கினால், மூச்சு வரும் வழியே அடைபட்டுவிடும். அந்த நிலையில் கஞ்சியோ தேனோ எதையும் வாயில் ஊற்றுவதே ஆபத்து.

குழந்தைகளுக்கு இந்த நோய் வர முக்கியக் காரணமாக இருந்தது ஹிப் என்ற பாக்டீரியா. தடுப்பூசி வந்த நாடுகளில் குழந்தைகளிடம் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஹிப் தடுப்பு மருந்தும் அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசியை இந்தியா 2011 டிசம்பரில் முதலில் அறிமுகப்படுத்தியது தமிழ்நாட்டிலும் கேரளாவிலும்தான்.

கடைசியாக...

பாட்டி கொடுக்கும் ரசமும் கஞ்சியும் தப்பில்லை. அவை வலியைத் தணிக்கும், உடம்புக்குத் தெம்பு தரும், பெரும்பாலான தொண்டை வலி சில நாட்களில் தானாகவே போய்விடும். ஆனால் எச்சில்கூட விழுங்க முடியாமல் வாயில் வழிகிறதா, மூச்சு வாங்குகிறதா, குரல் அடைத்துப் பேச முடியவில்லையா? அப்போது தேட வேண்டியது சமையலறையை அல்ல, ஆஸ்பத்திரியை. வந்தபடியே போய்விடும் என்று காத்திருந்தவருக்கு என்ன ஆனது என்பதுதான் சரித்திரத்திலேயே இருக்கிறதே!